வாசலுக்கு வரும் கோர்ட்டுத் தாள்: சம்மனும் அத்துமீறலும்

நம்மவர் வீட்டு வாசலில் இரண்டு பேர் வந்து நின்றால் மனசு படபடக்கும். ஒருவர் போலீஸ்காரர், இன்னொருவர் கோர்ட்டு ஆள். போலீஸ்காரர் வந்தால் எதற்கு என்று கேட்கவாவது செய்கிறோம். கோர்ட்டு ஆள் வந்தால் கதவைச் சாத்திவிடுகிறோம். "தாளை வாங்கினால்தானே கேசு? வாங்காவிட்டால் என்ன செய்வான்?" என்று ஒரு சட்டம் நம் வீடுகளில் வழக்கத்தில் இருக்கிறது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம்.

நான் வக்கீல் அல்ல. கிழக்கேகோட்டையில் கடை வைத்துப் பிழைக்கும் வியாபாரி. கேசு நடத்திய அனுபவத்தாலும் படிக்கும் ஆசையாலும் சட்டப் புத்தகங்களைப் புரட்டியவன். மலையாளம் எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் சாலைக் கடைத்தெரு, ஆட்டக்குளங்கரை, மணக்காடு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் கோர்ட்டுத் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவதுண்டு. அப்படி வந்த கேள்விகளில் அதிகம் கேட்கப்பட்டது ஒன்றுதான்: "எங்க அனுமதி இல்லாம வீட்டு வளப்புக்குள்ள வந்துட்டாருங்க. இது அத்துமீறல் இல்லையா? போலீஸ்ல சொல்லலாமா?" அதற்கான விடையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வருகிறவர் யார்?

முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டுப் பேச்சில் கோர்ட்டிலிருந்து வருகிற எல்லாரும் 'அமீனா'தான். அரபு மொழியில் 'அமீன்' என்றால் நம்பிக்கைக்குரியவர் என்று பொருள். முகலாயர் கால நிர்வாகத்தின் வழியாகக் கோர்ட்டுக்குள் வந்த சொல். 'ஜப்தி'யும் அப்படி வந்ததுதான். இலங்கையில் இந்த வேலைக்குப் 'பிஸ்கால்' என்று டச்சுக்காரர் விட்டுப்போன பெயர் வழங்கியது.

கேரளத்துக் கோர்ட்டுகளில் இருவகைப் பணியாளர் உண்டு. சம்மன், நோட்டீசு முதலியவற்றைக் கொண்டுவந்து கொடுப்பவர் ஒருவர். 'பிராசஸ் சர்வர்' என்பார்கள். தமிழில் 'சார்பு செய்பவர்' என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர் ஆமீன். தீர்ப்பு ஆன பிறகு ஜப்தி செய்வது, இடத்தைச் சுவாதீனம் எடுத்துக் கொடுப்பது போன்ற வேலைகள் அவருடையவை. இருவரும் கோர்ட்டின் நாசர் பிரிவுக்குக் கட்டுப்பட்டவர்கள், போலீசுக்கு அல்ல. இருவருக்கும் உள்ள அதிகாரம் ஒன்றல்ல. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பாதிக் குழப்பம்.

ஏன் வாசலுக்கே வர வேண்டும்?

ஒருவனைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்பது தமிழனுக்குப் புதிய செய்தியா? சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் முழுவதும் இதைத்தானே சொல்கிறது! பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் ஆணையிட்டான், கோவலன் வெட்டுப்பட்டான். நடுவில் "உன் பக்கம் என்ன?" என்று கேட்க ஒருவரும் இல்லை. அந்த ஒரு கேள்வி விட்டுப்போனதற்கு ஒரு நகரமே எரிந்தது. சம்மன் என்பது அந்தக் கேள்விதான். "உன்மேல் இன்னார் இப்படிச் சொல்கிறார், நீ என்ன சொல்கிறாய்?" என்று கோர்ட்டு கேட்கிறது. தாள் கொண்டுவருபவர் அந்தக் கேள்வியைச் சுமந்து வருகிறவர். அவரைத் துரத்தினால் நம் பக்கத்து நியாயத்தை நாமே துரத்தியதாகும்.

தாளைக் கிழித்தால் கேசு போகாது என்பதற்கும் நம் இலக்கியத்திலேயே சான்று உண்டு. சேக்கிழாரின் பெரியபுராணத்தில், திருமணப் பந்தலுக்கு ஓலையோடு வந்த முதியவரிடமிருந்து சுந்தரர் அந்த ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். என்ன ஆயிற்று? கிழிபட்டது படி ஓலை. மூல ஓலை பத்திரமாக இருந்தது. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போனது. பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து அவையோர் தீர்ப்புச் சொன்னார்கள். நான் சமணன். ஆனாலும் இந்தச் சைவக் கதையைச் சட்டம் கேட்டு வருகிறவர்களிடம் சொல்லாமல் இருந்ததில்லை. இன்றும் நம் கைக்கு வருவது படி, மூலம் கோர்ட்டுக் கட்டில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

சிவில் வழக்குகளுக்கு 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம்தான் அடிப்படை. திருவிதாங்கூர்ப் பகுதிக்கு இது 1951-இல் விரிவாக்கப்பட்டது. சம்மன் பற்றிய விதிகள் இதன் ஐந்தாம் கட்டளையில் வருகின்றன. சாரத்தைச் சொல்கிறேன்.

இயன்ற வரையில் சம்மனை எதிர்வாதியின் கையிலேயே கொடுக்க வேண்டும். அவர் வீட்டில் இல்லை, நியாயமான நேரத்துக்குள் கிடைக்கவும் வாய்ப்பில்லை என்றால், அவரோடு வசிக்கும் வயது வந்த குடும்பத்தாரிடம் கொடுக்கலாம். பழைய விதியில் 'வயது வந்த ஆண்' என்றுதான் இருந்தது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஆணோ பெண்ணோ என்று மாற்றினார்கள். ஆகவே "வீட்டு ஆம்பளைங்க இல்ல, அப்புறம் வாங்க" என்று அம்மா சொல்வது இன்றைக்குச் செல்லாது. கிரிமினல் கேசுச் சம்மனில் இந்த 'ஆண்' என்ற சொல் போவதற்கு 2023-ஆம் ஆண்டின் புதிய நடைமுறைச் சட்டம் வர வேண்டியிருந்தது. அது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது.

வேலைக்காரர் குடும்பத்தார் ஆகமாட்டார் என்று விதியே சொல்கிறது. வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணிடம் வீட்டுக்காரருடைய சம்மனைக் கொடுத்துவிட்டுப் போனால் அது சரியான சார்பு அல்ல.

வாங்க மறுத்தால்? அல்லது தேடிப் பார்த்தும் ஆள் கிடைக்காமல் போனால்? வீட்டின் வெளிக்கதவிலோ, கண்ணில் படும் வேறு இடத்திலோ நகலை ஒட்டிவிட்டுப் போகலாம். எந்த நேரத்தில், எந்தச் சூழ்நிலையில் ஒட்டினேன், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினேன் என்று மூலத்தில் எழுதிக் கோர்ட்டுக்குத் திருப்ப வேண்டும். தேவைப்பட்டால் கோர்ட்டு அவரைச் சத்தியப் பிரமாணத்தின்பேரில் விசாரிக்கும். அதன் பிறகு 'சார்பு ஆயிற்று' என்று முடிவு சொன்னால், நாம் வாங்கியதும் வாங்காததும் ஒன்றுதான்.

கவனியுங்கள். இந்த விதிகளில் எங்குமே சம்மன் கொண்டுவருபவர் வீட்டுக்குள் நுழைய வேண்டிய தேவை இல்லை. கதவுவரை வரலாம், தட்டலாம், கூப்பிடலாம், கொடுக்கலாம், ஒட்டலாம். அவர் வேலை அங்கே முடிந்தது. உள்ளறைக்குள் வரவோ, பூட்டை உடைக்கவோ, சாமான்களைத் தொடவோ அவருக்கு அதிகாரம் இல்லை.

அப்படியானால் அத்துமீறல் எது?

அனுமதியின்றிக் கால் வைத்தாலே குற்றம் என்று நாம் நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பழைய தண்டனைச் சட்டத்தில் 441-ஆவது பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சம்ஹிதையில் 329-ஆவது பிரிவு. இரண்டிலும் உயிர்நாடி நோக்கம்தான். குற்றம் செய்யும் நோக்கத்தோடு, அல்லது அங்கே இருப்பவரை மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லைப்படுத்தவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு நுழைந்தால்தான் குற்ற அத்துமீறல். சரியாக நுழைந்தவர் அந்த நோக்கத்தோடு அங்கேயே தங்கினாலும் குற்றம்தான். சாதாரண அத்துமீறலுக்கு மூன்று மாதம் வரையிலும், வீட்டுக்குள் அத்துமீறினால் ஒரு வருடம் வரையிலும் சிறைத் தண்டனை உண்டு. ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

"அவர் வந்ததால எங்களுக்குத் தொல்லைதானே?" என்று கேட்பீர்கள். தொல்லை உண்டாகும் என்று தெரிந்திருப்பது வேறு, தொல்லை கொடுக்கவே வருவது வேறு. பஞ்சாபிலிருந்து போன மத்ரி என்பவர் வழக்கில் 1964-இல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. தொல்லை தருவதே நுழைந்தவரின் குறியாக இருந்திருக்க வேண்டும், அது இயல்பாக விளையும் என்ற அறிவு மட்டும் போதாது என்பது அதன் சாரம். தராசில் வைத்துப் பார்த்தால், சம்மன் கொண்டுவருபவரின் குறி கடமைதான், நம் எரிச்சல் உபவிளைவு.

இதற்கு மேலும் ஒரு காப்பு இருக்கிறது. கோர்ட்டு உத்தரவின்படி நல்லெண்ணத்தோடு செய்த செயல் குற்றமாகாது என்று நியாய சம்ஹிதையின் 16-ஆவது பிரிவு (பழைய 78) கூறுகிறது. 1850-ஆம் ஆண்டிலேயே வந்த நீதித்துறை அலுவலர் பாதுகாப்புச் சட்டம், கோர்ட்டின் உத்தரவை நிறைவேற்றக் கடமைப்பட்டவர்மேல் அதற்காகச் சிவில் வழக்குப் போட முடியாது என்கிறது.

அதற்காக அவர் எது செய்தாலும் சரி என்று ஆகிவிடாது. தாளைக் கொடுத்த பிறகும் நின்று கத்துவது, "பணத்தைக் கட்டு, இல்லாட்டி தெருவுல நிறுத்துவேன்" என்று மிரட்டுவது, பெண்கள் இருக்கும் அறைக்குள் போவது, இவையெல்லாம் உத்தரவில் எழுதியிருக்கிற வேலை அல்ல. அங்கே பாதுகாப்புக் குடை மடங்கிவிடும். அப்போது புகார் கொடுக்கலாம். முதலில் கொடுக்க வேண்டிய இடம் அவரை அனுப்பிய கோர்ட்டு. தேதி, நேரம், வழக்கு எண், நடந்தது, பார்த்த சாட்சி ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்தால் போதும். கைகலப்பு, பலவந்தம் என்று போனால் போலீசுக்குப் போவதில் தவறில்லை.

போலீசை அழைத்தால்

எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டியம்மா. மகன் வெளியூரில். கேட்டைத் திறந்து உள்ளே வந்த கோர்ட்டு ஆளைத் திருடன் என்று நினைத்துக் கூச்சல் போட்டுவிட்டார். அக்கம்பக்கத்தார் கூடி அவரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். போலீஸ் வந்தது. அடையாள அட்டையையும் தாளையும் பார்த்துவிட்டுச் சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார்: "அம்மே, இது கோர்ட்டு காரியம். ஞங்ஙள்க்கு ஒந்நும் செய்யானில்ல." பாட்டியம்மா பயத்தில் செய்ததைக் கோர்ட்டு ஆளும் பெரிதுபடுத்தவில்லை. வேண்டுமென்றே தடுத்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

ஏனென்றால் சட்டம் இந்தப் பக்கமும் வெட்டும். சம்மனுக்குப் பயந்து தலைமறைவாவது 206-ஆவது பிரிவில் குற்றம். சார்பு செய்யவிடாமல் தடுப்பதும், ஒட்டிய தாளைக் கிழிப்பதும் 207-இல் குற்றம். அரசு ஊழியரின் வேலைக்கு இடையூறு செய்வது 221. கை ஓங்கினால் 132. பொய்த் தகவல் கொடுத்துப் போலீசை ஏவினால் 217. எல்லாம் 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள எண்கள்.

பாட்டியம்மா மாதிரி உண்மையில் ஆள் யாரென்று தெரியாதவர்களுக்கும் சட்டம் இடம் வைத்திருக்கிறது. தற்காப்பு உரிமை பற்றிய 37-ஆவது பிரிவின் விளக்கத்தைப் பாருங்கள். வந்தவர் அரசு ஊழியர் என்று தெரியாமலும், நம்பக் காரணம் இல்லாமலும் இருந்தால் நம் தற்காப்பு உரிமை பறிபோகாது. பிறர் உத்தரவின்படி வந்தவரிடம் எழுத்து அதிகாரம் இருந்தால், கேட்கும்போது அவர் அதைக் காட்ட வேண்டும். ஆகவே "ஐடி கார்டு காட்டுங்க, தாளைக் காட்டுங்க" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. அது நம் உரிமை.

ஆமீன் ஜப்திக்கு வந்தால்

இது தீர்ப்புக்குப் பிந்திய கட்டம். இங்கே அதிகாரம் கூடுதல், ஆனால் வேலியும் கூடுதல். 62-ஆவது பிரிவின்படி, ஜப்திக்காகச் சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் குடியிருக்கும் வீட்டில் நுழையக் கூடாது. வெளிக்கதவை உடைக்கக் கூடாது. கடன் தீர்ப்பான ஆளே அந்த வீட்டில் இருந்து, உள்ளே விடாமல் தடுத்தால் மட்டுமே விலக்கு. பெண்கள் இருக்கும் அறையானால் அவர்கள் விலகிப்போக அவகாசம் தர வேண்டும்.

இந்த வேலியின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1604-இல் முடிந்த செமெய்ன் வழக்கில், ஒருவன் வீடு அவனுக்குக் கோட்டை, சிவில் காரியத்துக்காக ஷெரீப் வெளிக்கதவை உடைக்கக் கூடாது என்று முடிவாயிற்று. கோட்டை வாசலின் பெயரைத் தாங்கிய ஊரில் இருக்கிற நமக்கு அது எளிதில் விளங்கும். கோட்டைக்கும் வாசல் உண்டு, வாசலில் தட்டிக் கேட்பதற்குத் தடையில்லை.

60-ஆவது பிரிவில் ஜப்தி செய்யக் கூடாதவற்றின் பட்டியல் இருக்கிறது. உடுதுணி, சமையல் பாத்திரம், கட்டில் படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை (தாலி இதில் அடங்கும்), கைவினைஞரின் கருவி. வியாபாரிகள் கவனிக்க: கணக்குப் புத்தகங்களும் இதில் உண்டு. பணக் கடன் தீர்ப்புக்காகப் பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்று 56-ஆவது பிரிவு சொல்கிறது.

தாளை வாங்காவிட்டால் என்ன இழப்பு?

இதுதான் கட்டுரையின் முக்கியப் பகுதி. வெளி மாநிலத்தில் வாழும் நமக்குச் சொந்த ஊரில் ஒரு துண்டு நிலமோ, பங்கு வீடோ இருக்கும். அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினைக் கேசு அங்கே போடப்படும். சம்மன் அந்தக் கோர்ட்டிலிருந்து இந்த ஊர்க் கோர்ட்டுக்கு வந்து, இங்குள்ள ஆள் மூலமாக நம் வாசலுக்கு வரும். "வஞ்சியூர் கோர்ட்டுல எனக்கு ஒரு கேசும் இல்லையே" என்று நாம் திருப்பி அனுப்பிவிடுவோம். அங்கே நாம் ஆஜராகவில்லை என்று ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிடும். ஒருவர் இப்படித் தகப்பனார் வழி நிலத்தில் தன் பங்கை விற்றுவிட்ட பிறகுதான் அறிந்தார். சம்மன் ஒட்டப்பட்ட கதவு அவர் வீட்டுக் கதவு. கிழித்து எறிந்தவர் அவர் மைத்துனர்.

பதிலுரை தாக்கல் செய்யச் சம்மன் சார்பான நாளிலிருந்து 30 நாள். கோர்ட்டு காரணம் எழுதி 90 நாள் வரை நீட்டலாம். இந்தக் கெடு அசைக்க முடியாத கல்லல்ல, அபூர்வமான காரணம் இருந்தால் தளர்த்தலாம் என்று 2005-இல் சேலம் வழக்கறிஞர் சங்கத்தார் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் சேலத்துக்காரர்கள் போட்ட கேசு இந்தியா முழுவதற்கும் வழிகாட்டியது என்பது நமக்குப் பெருமை. ஒருதலைத் தீர்ப்பை நீக்க மனுப் போடவும் 30 நாள்தான். சம்மனே முறையாகச் சார்பு ஆகவில்லை என்றால் மட்டும், தீர்ப்பு நமக்குத் தெரிய வந்த நாளிலிருந்து அந்த 30 நாள் ஓடும்.

வியாபாரிகளுக்குச் செக் கேசு. நோட்டீசுத் தபாலை 'மறுத்தார்' என்று திருப்பி அனுப்பிவிட்டால் தப்பித்தோம் என்று நினைப்பவர்கள் பலர். கேரளத்திலிருந்தே போன சி.சி. அலவி ஹாஜி வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லிவிட்டது. சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் போனால் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். உண்மையிலேயே நோட்டீசு கிடைக்காதவர், கோர்ட்டுச் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டுக் கேசைத் தள்ளக் கேட்கலாம். ஆக, அங்கேயும் சம்மனை வாங்கியவனுக்குத்தான் வழி திறக்கிறது.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் இந்த வேலையைத் தனியார் செய்கிறார்கள். அங்குள்ள மத்தியக் கோர்ட்டு விதிப்படி, 18 வயது நிரம்பிய, வழக்கில் கட்சியாக இல்லாத எவரும் சம்மன் கொடுக்கலாம். அதனால் "அத்துமீறினார்" என்ற புகார் அங்கே அதிகம் எழ இடமுண்டு. புளோரிடா, கலிபோர்னியா மாநிலங்களில் காவலாளி வைத்த குடியிருப்புகளுக்குள் சம்மன் கொண்டுவருபவரை விட வேண்டும் என்று தனிச் சட்டமே உண்டு. இப்போது திருவனந்தபுரத்திலும் பிளாட்டு வாழ்க்கை பெருகிவிட்டது. "உள்ளே விடாதே" என்று காவலாளியிடம் சொல்லி வைப்பவர்கள், அந்த ஏழைக் காவலாளியைத்தான் தடுத்த குற்றத்தில் மாட்டிவிடுகிறார்கள் என்பதை யோசிக்க வேண்டும்.

போலியை எப்படி அறிவது?

இன்றைக்குப் புதிய ஆபத்து ஒன்று உண்டு. கைப்பேசியில் 'சம்மன்' அனுப்பி, 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. சம்மன் கொண்டுவருகிற கோர்ட்டு ஆள் பணம் கேட்கமாட்டார். அவர் வருவதற்கான பேட்டாவை வழக்குப் போட்டவரே கோர்ட்டில் கட்டியிருப்பார். தாளில் வழக்கு எண், கோர்ட்டின் முத்திரை, ஆஜராக வேண்டிய தேதி இருக்கும். வழக்குக்கு 16 எழுத்து-எண் கொண்ட சி.என்.ஆர். எண் ஒன்றும் உண்டு. இ-கோர்ட்ஸ் தளத்தில் அதைப் போட்டுப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அடையாளம் கேளுங்கள். தாளைப் படித்துப் பார்த்து, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டு வாங்குங்கள். கையெழுத்துப் போடுவது கடனை ஒப்புக்கொள்வது ஆகாது, தாள் கிடைத்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. மொழி புரியாவிட்டால் அன்றைக்கே தெரிந்தவரிடம் காட்டுங்கள். வக்கீலுக்கு வசதி இல்லையென்றால் ஒவ்வொரு மாவட்டத்திலும் இலவச சட்ட உதவி ஆணையம் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அந்த உதவி உண்டு.

எங்கள் தத்துவார்த்த சூத்திரம் களவாமை விரதத்துக்கு ஐந்து பழுதுகளைச் சொல்கிறது. கள்ள எடை, கலப்படச் சரக்கு இவற்றோடு, அரசின் நெறிக்கு மாறாக நடப்பதையும் அதே வரிசையில் வைத்தார்கள். தராசில் கள்ளம் செய்ய நம்மில் பலருக்கு மனம் வராது. வாசலுக்கு வந்த கேள்விக்கு முகம் காட்டாமல் இருப்பதும் அதே குடும்பத்துக் குறைதான். அந்தத் தாளைக் கொண்டுவருகிறவர் வெயிலில் தெருத்தெருவாக அலைந்து வருகிறவர். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, தாளை வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். நம் பதிலைக் கோர்ட்டில் சொல்வோம்.